ஏசியா ஹார்னா

கம்பி கட்டும் வேலை செய்கிற அவனுக்கு மாமனார் வைத்த பெயர் கோந்து. கல்யாணமான முதல் வாரமே, "என்ன இவன், வாயில கோந்து தடவிக்கிட்டு வந்தவன் மாதிரி இருக்கான்" என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

மாமனார் சரக்குக் கிடங்கில் முப்பது வருடம் மேஸ்திரி. நாற்பது லாரி உறுமுகிற இடத்தில் ஒரு மூட்டை கோணலாக ஏறினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தி இறக்க வைப்பார். சத்தம் போடத் தெரியாதவன் என்ன உழைத்து என்ன என்பது அவர் கட்சி. கோந்து எட்டாவது மாடிச் சாரத்தில் நின்று வேலை செய்கிறவன். கீழே இருப்பவர்களிடம் வேண்டியதைக் கையாலேயே கேட்டு வாங்கிவிடுவான். பன்னிரண்டு வருடத்தில் மாமனாரிடம் அவன் பேசிய மொத்தப் பேச்சு "சரிங்க மாமா" என்பதுதான். அதுவும் பாதி நாள் அவர் காதில் விழாது.

இப்போது மேஸ்திரிக்கு இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன டாக்டர், கண்ணில் வியர்வை இறங்கக்கூடாது, கொஞ்ச நாளைக்குக் கத்தவும் கூடாது என்றார். இரண்டாவதைக் கேட்டதும் மேஸ்திரி, இதை முன்னாடியே சொல்லியிருந்தால் ஆபரேஷனுக்கே வந்திருக்க மாட்டேன் என்று சண்டைக்குப் போனாராம்.

அவரை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று அவருடைய மகள்கள், அக்காளும் தங்கையும், ஒரு வாரமாகப் போனில் கட்டிப் புரண்டார்கள். அக்காள் புருஷன், அதாவது கோந்துவின் சகலை, டைல்ஸ் கடைக்காரர். புதுக் கார் வைத்திருக்கிறார். கோந்துவின் காருக்குப் பதினெட்டு வயது. அப்பா ஒரு தடவையாவது என் வீட்டில் வந்து படுக்கட்டும் என்று கோந்துவின் மனைவி அழுத பிறகுதான் அக்காள் இறங்கிவந்தாள். ஆனாலும் ஒரு கண்டிஷன் போட்டாள். தங்கை காரில் ஏசி ஓடவேண்டும். வழியில் அது நின்றால் அங்கேயே வண்டி மாற்றி அப்பா அக்காள் வீட்டுக்கு. சகலை பின்னாலேயே வந்து பார்த்துக்கொள்வார்.

சனிக்கிழமை வரை ஒழுங்காக இருந்த ஏசி, ஞாயிறு காலை மூட்டிய அடுப்பு மாதிரி அனல் ஊதியது.

தெருவே கிரீஸ் என்று கூப்பிடுகிற மெக்கானிக், பல் துலக்கிக்கொண்டே வந்து பானெட்டைத் தூக்கினான். காற்று வருகிறது, அதனால் புளோயரில் குற்றமில்லை. கேஸ் அளந்தான், இருந்தது. முன்னால் விசிறியும் சுற்றியது. ஏசியைப் போட்டதும் கம்ப்ரசரிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும், அது மட்டும் வரவில்லை. பாட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து நேராகத் தொட்டுப் பார்த்தான். டக்.

"கம்ப்ரசர் மேல பழி போடாதீங்கண்ணே. அதுக்குக் கரண்டே போய்ச் சேரல."

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டையைப் பிடுங்கினான். ரிலே. கரண்டைத் திறந்துவிடுகிற காவல்காரன் அதுதான். குலுக்கினால் உள்ளே என்னவோ உருண்டது. புதுசு வாங்கலாமென்றால் கடைக்கு ஞாயிறு லீவு. பக்கத்திலேயே அதே அளவில், அதே நாலு காலோடு இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அதைப் பிடுங்கி இதன் இடத்தில் செருகினான். டக். இரண்டு நிமிடத்தில் கோந்துவின் கைமுடி குத்திட்டு நின்றது.

இது எதனுடையது என்று கோந்து சைகையில் கேட்டான்.

"ஹார்னோடது. ஏசியா ஹார்னா, நீங்களே சொல்லுங்க. ரெண்டும் வேணும்னா நாளைக்கு வாங்க."

ஹார்னுக்குத் தனி வயர் இழுக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். அப்போதே மணி பத்தரை. "ஹார்ன் இல்லாட்டி என்னண்ணே, வாய் இருக்குல்ல" என்று சொன்ன கிரீஸ், யாரிடம் சொல்கிறோம் என்பது ஞாபகம் வந்து வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் சகலை உள்ளே கையை விட்டுக் காற்றைச் சோதித்தார். குளிர்ந்தது. முகம் சுண்டிப்போயிற்று. "கண்ணாடி எறங்கினா ஏசி போச்சுன்னு அர்த்தம். நான் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத் தன் காருக்குப் போனார்.

மேஸ்திரி பின்சீட்டில் சாய்ந்தார். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணிலும் புரை, அதற்கு அடுத்த மாதம் தேதி. அதனால் எதிரே இருப்பதெல்லாம் அவருக்குப் பனிமூட்டம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நொடிக்கொரு தரம் துண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது.

முதல் தெருவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நடுரோட்டில் வழக்குப் பேசிக்கொண்டே நடந்தார்கள். கோந்து பழக்கதோஷத்தில் ஹார்னை அமுக்கினான். ஒன்றுமில்லை. அவர்கள் பின்னாலேயே ஊர்ந்தான்.

"என்ன மாப்ளே, எறும்பு போற மாதிரி போறே. ஹார்ன் அடி."

மகள் விஷயத்தைச் சொன்னாள். மேஸ்திரி உடனே, அதற்கென்ன, நான் இருக்கிறேன் என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். மகள் துண்டை அவர் வாயில் வைத்து அமுக்கினாள். அதற்குள் பின்னால் பொறுமையிழந்த சகலை ஹார்னில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தம்பதி திரும்பி கோந்துவை முறைத்துவிட்டு ஒதுங்கியது. இப்படித் தன்னை அறியாமலே சகலை இரண்டு தெரு உதவினார். அப்புறம் ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற சந்து, ஒரு லாரி நுழைந்தால் சுவர் உரசுகிற சந்து. முக்கால்வாசி போனதும் எதிரே ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. கோந்து நின்றான். லாரி நிற்கவில்லை. பின்னால் போகலாம் என்று பார்த்தால், குழாய் ஏற்றிய தள்ளுவண்டி ஒட்டி நின்றது. லாரியின் பின்பக்கம் முன்கண்ணாடி முழுக்க நிறைந்துவிட்டது.

கதவுக் கண்ணாடியை இறக்கினால் சகலை வருவார், மாமனார் போய்விடுவார். இறக்காவிட்டால் மாமனார் மேலேயே லாரி வரும். அந்தக் காரில் கதவிலுள்ள திருகுபிடியைப் பதினோரு சுற்றுச் சுற்றினால்தான் கண்ணாடி முழுதாக இறங்கும். ஏழாவது சுற்றிலேயே கோந்து தலையையும் ஒரு தோளையும் வெளியே திணித்தான்.

"யோவ் லாரி! நிறுத்துய்யா! உள்ள ஆளு இருக்கு!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. மாடி ஜன்னல்கள் திறந்தன. தள்ளுவண்டிக்காரன் கைப்பிடியை விட்டுவிட்டான். லாரி பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டுநர் இறங்கிவந்து, போலீஸ் என்று நினைத்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

மேஸ்திரி இருந்த இடத்திலேயே நிமிர்ந்தார். "யாரும்மா அது? நம்ம கிடங்கு ஆளு மாதிரி இருக்கே."

"உங்க மாப்பிள்ளைப்பா."

"எந்த மாப்பிள்ளை?"

"கார் ஓட்டறவர்."

மேஸ்திரி சிரிக்க வாயைத் திறந்தார். அதற்கும் தடை இருக்குமோ என்று சந்தேகம் வந்து மூக்கால் மட்டும் சிரித்தார்.

சிக்னலில் மாட்டியிருந்த சகலை சந்து முனையில் காரை விட்டுவிட்டு ஓடிவந்தார். இறங்கிய கண்ணாடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "போச்சா? எனக்குத் தெரியும். வாங்க மாமா, எறங்குங்க."

மேஸ்திரியின் நெற்றியில் ஒரே ஒரு துளி வியர்வை கிளம்பி, கண் கட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மகள் போகிறபோக்கில் கொசுவை அடிப்பது போல அதை ஒற்றினாள்.

"ஏசி ஓடுது. கையை விட்டுப் பாரு" என்றார் மேஸ்திரி. "கண்ணாடி வேற வேலையா எறங்குச்சு. நீ சின்னவ வீட்டுக்கு வந்து என்னைப் பாரு. இப்ப வழியை விடு."

சகலை கையை விட்டுப் பார்த்தார். குளிர்ந்தது. கோந்து கண்ணாடியை ஏழு சுற்றும் சுற்றி ஏற்றினான்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது புது ரிலேயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். கட்டிலில் கிடந்த மேஸ்திரி காலடிச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்தார்.

"மாப்ளே, அடுத்த மாசம் இந்தக் கண்ணுக்கும் போகணும்ல. உன் வண்டியிலதான் வருவேன். அதுவரைக்கும் ஹார்னை மாட்டித் தொலைச்சுடாதே."

கோந்து பையிலிருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சரிங்க மாமா."

"என்ன சொன்னே? காதுல விழல."