மூடுபனியில் கறுத்த நெஞ்சு

"அத்தை, நேத்து வந்த குருவிதான் இன்னிக்கும் வந்திருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்து வீட்டு அனாயி ஆறு வயதில் கேட்ட கேள்வி அது. சோளமாவு பிசைந்துகொண்டிருந்த ஒத்திலியா, "அது கடவுளுக்குத்தான் தெரியும், போடி" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டாள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பிள்ளை போன பிறகும் கேள்வி அங்கேயே நின்றது. தோட்டத்துக் குப்பிகளில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வரும், காற்றில் நின்றபடி பறக்கும் ஓசனிச்சிட்டுகளை அதுவரை அவள் கூட்டமாகத்தான் பார்த்திருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் பழகினாள்.

சான் லிபோரியோவில் ஓசனிச்சிட்டைத் தெரியாதவர் கிடையாது. மலைச்சரிவு முழுக்க மேகம் படுத்திருக்கும் ஊர். வீட்டுக்கு நாலு குப்பியாவது தொங்கும். வாசலில் நின்று ஐந்து எண்ணுவதற்குள் கட்டைவிரல் அளவு உயிர் ஒன்று காதோரம் விர்ரென்று போகும். டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஊரே அவரவர் தோட்டத்தில் உட்கார்ந்து வந்ததையெல்லாம் எழுதும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அந்தப் பட்டியலை அன்செல்மோ எல்லோருக்கும் வாசிப்பார். கோவேறு கழுதையில் பால் கொண்டு இறங்குகிறவர் அவர். பறவை விஷயத்தில் ஊருக்கு அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

பல வருடம் கழித்து ஒரு நவம்பரில், பனி கலையாத ஒரு காலையில், ஒத்திலியா ஒரு குருவியைப் பார்த்தாள். குட்டை வால். கறுத்த நெஞ்சு. இரண்டு காலிலும் வெள்ளைப் பஞ்சு சுற்றினாற்போல் மென்முடி.

கறுநெஞ்சன்! உறைபனி விழும் மேல்மலையில் எங்கோ ஒன்றிரண்டு மிச்சம் என்று சொல்லப்படும் பறவை. பதினொரு வருடமாக ஊரில் யார் கண்ணிலும் படாதது, குளிர் தாங்காமல் இறங்கி அவள் தோட்டத்துக்கு வந்திருக்கிறது.

ரொட்டிக்கடை வில்மரிடம் மட்டும்தான் சொன்னாள். அவனிடம் சொல்வதும் கோயில் மணி அடிப்பதும் ஒன்று. சாயங்காலத்துக்குள் அவனே ஒரு பலகையில் "கறுநெஞ்சன் இங்கே" என்று எழுதி அவள் படலில் அறைந்துவிட்டான். ஞாயிறு பூசையில் சாமியார் நன்றி சொல்லி வேண்டிக்கொண்டார். தலைநகர் கீத்தோவிலிருந்து பறவை பார்க்கிற ஒரு கூட்டம், கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்று செய்தி அனுப்பியது. இருபது வருடமாக ஊரில் செபமாலை சொல்லித் தருகிறவள் ஒத்திலியா. அவள் வாயிலிருந்து பிசகான சொல் ஒன்று வந்ததாக யாரும் சொன்னதில்லை. அந்த நல்ல பெயர் முழுவதும் இப்போது ஒரு சின்னக் குருவியின் காலில் தொங்கியது.

திங்கள் காலை அன்செல்மோ வந்தார். அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். குருவியும் வந்தது, குடித்தது, போனது. அன்செல்மோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"என்னண்ணே, சொல்லுங்க. ஊரே வாயைப் பொளந்துகிட்டு நிக்குது," என்றான் வில்மர்.

"பனி கண்ணை மறைக்குதுடா. இந்த வெளிச்சத்துல என் கழுதைகூட கறுநெஞ்சன் மாதிரிதான் தெரியும்."

"உங்க கழுதைக்கு ரெக்கை முளைக்கட்டும், அதுக்கும் ஒரு பலகை எழுதித் தர்றேன்."

எல்லோரும் சிரித்தபடி கலைந்தார்கள். படலைத் தாண்டும்போது அன்செல்மோ குரலைத் தாழ்த்தினார். "அக்கா, கணக்கெடுப்புக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு. வெயில் விழறப்போ நெஞ்சைப் பாருங்க. அப்புறம் வாலைப் பாருங்க. எதுவா இருந்தாலும் ஊருக்கு நீங்களே சொல்லுங்க. நான் முந்திக்க மாட்டேன்."

"பொறாமையா அண்ணே?" சுருக்கென்று கேட்டுவிட்டாள்.

"கொஞ்சம் இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கழுதையை ஓட்டிக்கொண்டு போனார்.

கோபத்தில்தான் அவள் பார்க்க உட்கார்ந்தாள். இரண்டே நாளில் கோபம் எங்கோ போய்விட்டது. வெள்ளை மேகம் வாழைத் தோட்டத்தைத் தின்று, வேலியைத் தின்று, குப்பிகளையும் தின்றுவிடும். அதற்குள்ளிருந்து ரீங்காரம் மட்டும் வரும். உலகம் இன்னும் படைத்து முடிக்கப்படவில்லை, முதலில் சத்தம்தான் படைக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றும். பிறகு பனியில் ஒரு துளை விழும். அந்தத் துளையில் அது காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவள் மடியில் செபமாலை ஒரே மணியில் நின்றிருக்கும். வேண்டுகிறோமா, வேடிக்கை பார்க்கிறோமா என்று அவளுக்கே தெரியாது. இரண்டுக்கும் கடவுள் பெரிய வித்தியாசம் பார்க்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

இடது காலில் பஞ்சு பாதிதான் இருந்தது. எங்கோ முள்ளில் சிக்கிப் பிய்ந்திருக்க வேண்டும். அதை வைத்து, தினமும் வருவது அதே குருவிதான் என்று அவளால் சொல்ல முடிந்தது. அனாயிக்குச் சொல்ல வேண்டிய பதில் வந்துவிட்டது. அவள் இப்போது வளர்ந்து, பெரிய பள்ளிக்குப் பேருந்தில் போகிறாள்.

ஏழாம் நாள் வெயில் விழுந்தது. குருவி திரும்பியது. கறுத்திருந்த நெஞ்சு, மழையில் கழுவிய இலைபோலப் பச்சையாகப் பற்றிக்கொண்டது. ஒத்திலியா கண்ணை மூடித் திறந்தாள். பச்சைதான். நிழல் விளையாட்டாக இருக்கும் என்று மனம் இன்னும் முரண்டு பிடித்தது. ஆனால் வாலின் இரு ஓரத்திலும் ஊசிபோல இரண்டு குச்சிகள் நீள ஆரம்பித்திருந்தன. நாளுக்கு நாள் நீண்டன. பத்தொன்பதாம் நாள் அவற்றின் நுனியில் கறுப்பாக, நெல்மணியளவில் இரண்டு சின்ன மட்டைகள் விரிந்தன.

மட்டைவாலன். கோழிக்கூண்டு மேலும் துணிக்கொடி மேலும் உட்காருகிற, எல்லார் வீட்டிலும் இருக்கிற மட்டைவாலன். அதற்கும் காலில் வெள்ளைப் பஞ்சு உண்டு. வால் இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கிற காலத்தில் அது அவள் தோட்டத்துக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

முகம் சுட்டது. அப்புறம்தான் மற்றது புரிந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பறக்கிற புள்ளியைப் பார்த்துப் பெயர் சொல்கிற மனுஷன் அன்செல்மோ. பனியாவது, மறைப்பதாவது! முதல் நாளே தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் நடுவில் ஒரே சொல்லில் அவளைக் கவிழ்த்திருக்கலாம். மாறாகத் தன் கழுதையை ஊர் சிரிக்கக் கொடுத்துவிட்டு, அவளுக்கு மூன்று வாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

பட்டியல் வாசிக்கிற ஞாயிறு வந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள்.

"கறுநெஞ்சன்னு சொன்னேன் இல்ல? அது மட்டைவாலன். வால் கொட்டிப்போயிருந்துது. பனியில பச்சையைக் கறுப்புன்னு நினைச்சேன். என் ஆசைதான் கண்ணை மறைச்சுது."

முற்றமே சிரிப்பில் குலுங்கியது.

"அப்போ பலகை?" என்று வில்மர் தலையில் கைவைத்தான். "நல்ல பெயின்ட்டு போச்சே!"

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. 'இங்கே வால் வளர்த்துத் தரப்படும்'னு எழுது. உன் வழுக்கைக்கும் ஏதாவது பண்ணிப் பாக்கறேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. அவளும் சிரித்தாள். அவளாகக் கொண்டுவந்து வைத்த சிரிப்பு அது, குத்தவில்லை. அன்செல்மோ தலை நிமிராமல், "மட்டைவாலன், ஒண்ணு" என்று எழுதி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். கீத்தோக்காரர்களிடம் அவளே தொலைபேசியில் சொன்னாள். அவர்கள் வரவில்லை.

நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால், அவர் மறைத்ததை அவிழ்த்ததுபோல் ஆகிவிடும்.

ஜனவரியில் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள அன்செல்மோ கீத்தோ ஆஸ்பத்திரிக்குப் போனார். கழுதையைத் தம்பி வீட்டில் கட்டினார். தனியாள். தன் ஒன்பது குப்பிகளையும் கழுவி, வராந்தாக் கம்பியில் கவிழ்த்து மாட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் பேருந்து ஏறினார். விடாத மழை. காட்டில் பூவெல்லாம் அழுகி விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன் ஒத்திலியா கெட்டிலில் வெந்நீரோடு அவர் தோட்டத்துக்குப் போனாள். நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, சாயம் எதுவும் கிடையாது. குப்பிகளை நிரப்பித் தொங்கவிட்டாள். மழையில் இரண்டு நாளில் புளித்துவிடும். புளித்ததைக் குடித்தால் குருவிக்கு நாக்கு புண்ணாகும். அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, குச்சியில் துணி சுற்றி மூலையெல்லாம் தேய்த்து, திரும்ப நிரப்பினாள். பால்காரர்கள் கிளம்பும் முன் வீடு திரும்பிவிடுவாள்.

அன்செல்மோ நாளைக்கு வருகிறார் என்று வில்மர் சொன்ன மறுநாள், விடியும் முன், கடைசி முறையாகப் போனாள். குப்பிகளைக் காலி செய்து கழுவி, ஒரு துளி ஈரம் இல்லாமல் துடைத்து, அவர் மாட்டியிருந்ததுபோலவே கவிழ்த்துக் கம்பியில் மாட்டினாள். சேற்றில் பதிந்திருந்த தன் காலடிகளைத் துடைப்பத்தால் பெருக்கியபடியே பின்னோக்கி நடந்து படல்வரை வந்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.