நடைச்சுவருக்கு வால்பேப்பர்

ஜெயம்மா வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டதாகத் திருத்தணியில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனால்கூட, கடைக்காரன் எதை முதலில் விரிக்கிறானோ அதையே மடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அறுபது தாண்டியபிறகு, "நடைச்சுவத்துக்கு வால்பேப்பர்தான் ஒட்டணும், பெயிண்ட் வேணாம்" என்று ஒற்றைக்காலில் நின்றால் வீட்டில் இருப்பவர்கள் என்னதான் நினைப்பார்கள்? மகன் பூபாலன் சிரித்தான். மருமகள் ஷோபனாவும் முதலில் சிரித்தாள், அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஷோபனாவைக் குறை சொல்வதற்கில்லை. ஆடிக்கிருத்திகைக்கு அவளுடைய அப்பா அம்மா பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து தங்கப் போகிறார்கள், காவடி எடுக்கிற சொந்தக்காரர்கள் வேறு வருவார்கள். அதற்குள் வீட்டைக் கொஞ்சம் வெளுப்பாக்கிவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதிலும் அந்த நடை. முன் ஹாலிலிருந்து பின்னால் பாத்ரூம் வரைக்கும் நீளமாகப் போகும், ஜன்னல் கிடையாது, முடிகிற இடத்தில் ஒரு படி இறங்கும். அந்த நடையின் இடதுபக்கச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. கை பட்டுப் பட்டு ஏறிய அழுக்கு.

"யார் கைதான் அத்தை இது?" என்று ஷோபனா ஒருநாள் கேட்டாள்.

"என் கைதாம்மா. சமையக்கட்டுல இருந்து எண்ணெக் கையோட அப்பிடியே போயிடறேன்" என்றாள் ஜெயம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பொய். சுத்தப் பொய். அது கஜபதியின் கை.

கஜபதி அவள் புருஷன், அத்தை மகனும்கூட. அதனால் கல்யாணம் ஆன பிறகும் அவள் அவரை பாவா என்றுதான் கூப்பிடுவாள். திருப்பதி ரூட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. 'டிரைவர் கஜபதிக்குக் கண்ணு தீட்டின கத்தி' என்று டெப்போவில் சொல்வார்கள், அதைக் கேட்டு மனுஷன் மீசையைத் தடவிக்கொள்வார். அந்தக் கண்தான் இப்போது இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் நேராக இருப்பது மட்டும் கொஞ்சம் தெரியும். நிழலுக்குள் வந்தால் அதுவும் கிடையாது. யாரிடமும் சொல்லவில்லை. மொபெட்டை ஓட்டாததற்கு முழங்கால் வலி என்றார். பேப்பரை அவளைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார். மெட்ராஸில் யூனியன் மீட்டிங் என்று தனியாக ரயில் ஏறிப் போய்விட்டு வந்தார். அதற்கப்புறம் பாத்ரூமில் கண்மருந்தின் குட்டி மூடி ஒன்று ஜெயம்மாவின் காலில் இடறியது. அதை எடுத்து அவருடைய சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அவரோடு வேலை பார்த்த சேட்டு என்பவருக்குச் சர்க்கரையால் கண் போனபோது இருவரும் பார்க்கப் போயிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் சேட்டு இருக்கும்போதே அவர் பெண்டாட்டியிடம், சாப்பிட்டாரா, தூங்கினாரா, பாவம், என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் கஜபதி சொன்னார்: "ஆளு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு கீறான், அவன்கிட்ட ஒருத்தன் பேசல பாரு." அன்றைக்கு அவர் குரல் இருந்த இருப்பை அவள் மறக்கவில்லை. சரி, நீங்களாகச் சொல்கிற வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது, என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் பெயிண்டர் அமான் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தபோது அவள் கைவேலையைப் போட்டுவிட்டு நடைக்கு வந்து நின்றாள்.

"பழைய சுவரும்மா, மேடு பள்ளமா கீது" என்றான் அமான். "இந்த விரிசல அடைச்சிடறேன். இந்த ஆணியப் புடுங்கிடலாம். கடைசில படிகிட்ட பூச்சு உப்பிக்கினு கீதே, அத உடைச்சிட்டுப் புதுசா பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சா சும்மா வழவழன்னு ஆயிடும். கையால துடைச்சாக்கூட கறை போயிடற பெயிண்ட்டே அடிச்சிடலாம்."

ஷோபனாவுக்கு முகம் மலர்ந்தது. ஜெயம்மாவோ புருஷனைப் பார்த்தாள். விரிசலைத் தாண்டினால் பாதி நடை. ஆணி விரலில் பட்டால் படுக்கையறைக் கதவு. உப்பிய இடம் பட்டால் காலைத் தூக்கிப் போடக்கூடாது, படி வருகிறது. கஜபதி அந்தச் சுவரை அப்படித்தான் படித்துக்கொண்டு போவார். இவள் எத்தனையோ தடவை பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். அமான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நாற்காலிக் கைப்பிடியில் அவர் விரல்கள் இறுகின.

"பண்ணுப்பா, நல்லா பண்ணு" என்றார் கஜபதி. வேறென்ன சொல்வார், பாவம். சேச்சே, அந்த வார்த்தையே வேண்டாம்.

அப்போதுதான் ஜெயம்மா வால்பேப்பர் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு டிவியில் பார்த்தேன் என்றாள்.

மறுநாள் ஷோபனா பொறுமையாக அவளை அமானின் கடைக்கே அழைத்துப்போனாள். ஒன்றும் கேட்காத மாமியார் இப்போது கேட்கிறாள், பூப்போட்டதாக ஒன்று எடுத்து ஒட்டிவிட்டால் போகிறது என்று மனசை ஆற்றிக்கொண்டுதான் போனாள். அமான் மாதிரிப் புத்தகங்களை எடுத்து விரித்தான். ரோஜாப்பூ, மூங்கில், தங்கக்கோடு என்று விதவிதமாக இருந்தன. ஜெயம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு தாள்களை விரல் நுனியால் வருடிக்கொண்டே போனாள். "இது வழுக்குது. இதுவும் வழுக்குது." கடைசியில் ஒரு தாளில் கை நின்றது. சணலை நெய்து ஒட்டிய மாதிரி சொரசொரவென்றிருந்தது.

"ஆங், இது."

"அத்தை, இது சாக்கு மாதிரி கீது" என்றாள் ஷோபனா. அவள் சொன்னதில் தப்பே இல்லை, நனைந்த சாக்கின் நிறம்தான்.

"எனக்குப் புடிச்சிருக்குது. அமானு, இத படிக்கு ரெண்டு முழம் இருக்கறப்பவே நிறுத்திடு. அதுக்கப்புறம் வெறும் சுவரா இருக்கட்டும்."

அமான் தலையைச் சொறிந்தான். "பாதில நிறுத்தினா பேப்பர் பத்தலன்னு நினைப்பாங்கம்மா. பாத்ரூம் பக்கம் வேற, ஓதம் ஏறினா உரிஞ்சிக்கும்."

"உரிஞ்சா ஒட்டிக்கலாம்."

ஷோபனாவுக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அழுதேவிட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூபாலன் வீட்டில் இருந்தான். வாரம் முழுக்க சென்னைக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வருகிறவன், கிடைத்த ஒரு நாளும் இப்படிப் போகிறதே என்ற எரிச்சல் அவனுக்கு.

"இன்னாம்மா இது, சின்னப் புள்ளையாட்டம்? அவ அப்பா அம்மா வர்றாங்கன்னு ஆசையா செய்றா. சுவத்த அழுக்காக்கினதும் நீ, இப்ப சாக்கு ஒட்டுன்னு அடம் புடிக்கறதும் நீ. அவ வீட்டுக்காரங்க வர்றது உனக்குப் புடிக்கலையா, சொல்லிடு."

இந்தக் கடைசி வார்த்தை ஜெயம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மருமகளைச் சொந்த மகளாக நினைக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் நாளையிலிருந்து இந்த வீட்டில் எல்லாரும் அவரைத் தாண்டி இவளிடம் பேசுவார்கள், சாப்பிட்டாரா, தூங்கினாரா, என்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குப் புடிச்சிருக்குதுடா. அவ்ளோதான்" என்றாள்.

"நைனா, நீயாவது சொல்லு" என்று அப்பா பக்கம் திரும்பினான் பூபாலன். "சரி, யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். நான் அமானுக்கு ஃபோன் பண்ணி பெயிண்டே அடிக்கச் சொல்லிடறேன்." அவன் போனை எடுத்தான்.

"ஃபோன வைடா."

கஜபதி எழுந்து நின்றிருந்தார். குரல் உயரவில்லை, ஆனால் பூபாலன் போனை வைத்துவிட்டான்.

"அந்தக் கறை உங்கம்மா கையில்ல. என் கை" என்றார். "எனக்குக் கண்ணு தெரியலடா. நடைக்குள்ள பூந்தா மொத்தமும் இருட்டு. சுவத்தப் புடிச்சிக்கினுதான் போறேன், வர்றேன். டாக்டர்கிட்ட காட்டிட்டேன். போனது திரும்பாதுன்னுட்டார், மீதி இருக்கறதக் காப்பாத்த மருந்து குடுத்திருக்கார், தவறாம ஊத்திக்கினு வர்றேன். இவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சிக்கினு இருந்தேன். நேத்து அமானு சுவத்த வழவழன்னு ஆக்கறேன்னு சொன்ன ஒடனே இவ வால்பேப்பர்ன்னா பாரு, அப்பதான் புரிஞ்சது இவளுக்கு எல்லாம் தெரியும்னு. தெரிஞ்சும் நான் வாய மூடிக்கினு இருந்தேன். நீ திட்டற, உம் பொண்டாட்டி அழுவறா, இவ எல்லாத்தையும் வாங்கிக்கினு நிக்கறா. என் மானத்தக் காப்பாத்தறதுக்கு இவ மானம் போவணுமா?"

பூபாலன் அம்மாவைப் பார்த்தான், பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். ஷோபனாதான் முதலில் அருகே வந்தாள். அவள் அத்தையிடம் போகவில்லை, நேராக மாமாவின் முன்னால் வந்து நின்றாள். அவரிடமே கேட்டாள்.

"மாமா, அந்தப் பேப்பர் ஒரு பக்கம் போதுமா, இல்ல ரெண்டு பக்கமும் ஒட்டணுமா? திரும்பி வர்றப்ப எந்தக் கை வைப்பீங்க?"

கஜபதி கொஞ்சம் யோசித்தார். "வர்றப்பவும் அதே சுவரத்தான் புடிப்பேன், வலது கையால. ஒரு பக்கம் போதும்மா. எதிர்ப்பக்கம் உனக்குப் புடிச்ச கலர அடிச்சிக்க."

அவள் அங்கேயே நின்று அமானுக்குப் போன் போட்டு, அத்தை எடுத்த அதே தாள், அத்தை சொன்ன அதே இடத்தில் நிறுத்த வேண்டும் என்றாள். தாள் முடிந்தால் படி வருகிறது என்று அவளுக்கும் இப்போது புரிந்துவிட்டது. இப்படி ஒருத்தி மருமகளாக வந்ததற்கு முருகனுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும் என்று ஜெயம்மா நினைத்தாள். வாயால் சொல்ல வரவில்லை, அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மகனும் மருமகளும் கடைக்குக் கிளம்பிப் போனபிறகு கஜபதி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "எப்பருந்து தெரியும் உனக்கு?"

"ஸ்டூல்ல இடிச்சிக்கினு, ஏன்டி நடுவுல போட்டேன்னு கத்தினீங்களே, அப்பத்துலருந்து. அது எப்பவும் இருக்கற எடத்துலதான் இருந்தது பாவா."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லலியே."

அவர் மெல்லச் சொன்னார். "பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால ஒரு மண்ணும் தெரியாது ஜெயா. கண்டக்டர் எறங்கி நின்னு, வா, வா, வான்னு சொல்வான். அவன் குரல நம்பித்தான் முப்பது வருஷமும் எடுத்தேன். அதுக்கு ஒரு நாளும் நான் வெக்கப்பட்டதில்ல. என் வீட்டுக்குள்ள வந்து உங்கிட்ட வெக்கப்பட்டேன் பாரு. நீ இருக்கறதாலதான் நான் இன்னும் விழாம நடந்துகினு இருக்கேன். இத உங்கிட்ட சொல்லணும்."

ஜெயம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்குத் தெரியாதென்று துடைக்காமல் விட்டாள், அப்புறம் மூக்கை உறிஞ்சி மாட்டிக்கொண்டாள். "போதும் போதும்" என்று உள்ளே போய்க் காபி கலந்து எடுத்து வந்தாள். இத்தனை மாசமும் டம்ளரை அவர் கை தானாகப் போய்ப் படுகிற தூரத்தில், ஓசை கேட்கும்படி 'டொக்'கென்று வைத்துவிட்டு, எதேச்சையாக வைத்த மாதிரி விலகிப் போவாள். இன்றைக்கு அவள் விலகவில்லை. அவருடைய வலது கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, டம்ளரை உள்ளே வைத்து, மேலே தன் கையால் மூடினாள்.

"சூடு. ஊதிக் குடிங்க."

"ஆங்" என்றார் கஜபதி. கையை இழுத்துக்கொள்ளவில்லை.