உடனிருப்பவர்

"கூட யாரு வந்திருக்காங்கக்கா?"

கண் மருத்துவமனைக் கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டியபடி இப்படிக் கேட்டதும் துணையக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினெட்டு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதிலாகவே பிழைத்தவள் அவள். பிள்ளைகள் தூர தேசத்தில் இருக்கிற அப்பாக்களுக்கும், விடுப்புக் கிடைக்காத மருமகள்களின் மாமியார்களுக்கும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பது தொழில். அதுவே பெயராகவும் ஒட்டிக்கொண்டது. படிவத்தில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'உறவு' என்ற இடத்தில் வாய்க்கு வந்ததை எழுதுவாள். ஒரே வாரத்தில் ஒருவருக்குத் தங்கை, ஒருவருக்குச் சித்தி, இன்னொருவருக்கு நாத்தனார். உங்கள் சொந்தத்தில் ஒருவருக்குக்கூடக் கண் சரியில்லையா என்று இதே கவுண்டர் பெண் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

இப்போது அவளுக்கே இடது கண்ணில் புரை. ஒரு பெரியவருக்கு மருந்து ஊற்றும்போது விழுந்தது மூன்று சொட்டா நான்கா என்று தெரியாமல் நின்றாளே, அன்றைக்கே ஆபரேஷன் என்று முடிவு கட்டிவிட்டாள். கண் போனால் பிழைப்பு போயிற்று. கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு கட்டிலோரமாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தியும் நகர முடியாது. வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டாள். அவனும் சொன்ன நேரத்துக்கு வந்தான். அதிலேயே அவளுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

கூட்டத்தில் முட்டி மோதி இரண்டு நாற்காலி பிடித்து, படிவத்தை அவனே நிரப்பினான். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது.

"போடறேன். ஆனா ஆபரேஷன் முடிஞ்சதும் நேரா நம்ம வீட்டுக்குத்தான். உன் வாடகை ரூமை விட்டுரலாம். ஓனர்கிட்ட நேத்தே பேசிட்டேன்."

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். அவன் மனைவி வேலைக்குப் போகப் போகிறாளாம். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் ஒரு ஆள் இருந்த மாதிரி இருக்குமாம். இந்த வயதில் அக்கா தனியாகக் கிடந்து என்னத்தைக் கண்டாள் என்று அவனுக்கு மனசே ஆறவில்லையாம். தம்பி கெட்டவன் இல்லை. அவன் பாசத்துக்கு எப்போதும் ஒரு வேலை கூடவே வரும், அவ்வளவுதான்.

என்னத்தைக் கண்டாள்? நாலாவது மாடியில் பத்துக்குப் பத்து அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். ஒரு பக்கச் சுவரில் பக்கத்து வீட்டுச் சண்டை, மறுபக்கச் சுவரில் தையல் மிஷின். பிறந்த வீட்டில் அம்மாவின் கட்டிலோரம், பிறகு தம்பி வீட்டில் பிள்ளைகளின் தொட்டிலோரம், வேலையில் நோயாளியின் கட்டிலோரம் என்று அடுத்தவர் இருமலுக்கு விழித்தே நாற்பத்தாறு வயதான பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்புதான் அந்த அறைக்கு வந்தாள். முதல் மாதம் பயத்தில் ரேடியோவை அணைக்கவே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தனக்கு ஆறிப்போன டீதான் பிடிக்கும். கட்டிலில் குறுக்காகப் படுத்தால்தான் தூக்கம் வரும். பழைய செய்தித்தாளை உரக்கப் படித்து, எழுதியவனோடு சண்டை போடப் பிடிக்கும். இவ்வளவு கோபக்காரி இத்தனை வருடமாக உள்ளே இருந்திருக்கிறாள், யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. அந்தக் கோபக்காரியை அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

துணையக்கா போனை எடுத்தாள். தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓனரைக் கூப்பிட்டு, ரூமைக் காலி செய்யவில்லை என்றும், இனி தன் வாயால் சொல்லாமல் வேறு யார் வந்து சொன்னாலும் நம்ப வேண்டாம் என்றும் சொல்லி வைத்தாள்.

"நான் கையெழுத்துப் போடலேன்னா உள்ளயே விடமாட்டாங்க, தெரியும்ல?" என்றான் தம்பி.

"எனக்கே சொல்றியா? நீ என்கூட இருக்க வரலடா. உன் வீட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கே."

படிவத்தை அவன் மடியிலிருந்து உருவினாள். அவன் பெயரை அடித்துவிட்டு, உடனிருப்பவர் இடத்தில் தன் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா திணறியது. பதினெட்டு வருடமாகப் பொய் தடையில்லாமல் வந்த இடம் அது. சற்று யோசித்து, 'நானேதான்' என்று எழுதிக் கவுண்டரில் கொடுத்தாள்.

கவுண்டர் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"அக்கா, ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா எப்படிக்கா?"

"பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும், ஆபரேஷன் முடியறவரைக்கும் இங்கேயே இருக்கணும், நடுவுல எழுந்து போகக் கூடாது. துணைக்கு வர்றவங்களுக்கு இவ்வளவுதானே உங்க ரூல்? இங்க இருக்கிற யாரை வேணா கேளு, என்னை மாதிரி கூட இருக்கறவ யாரு?"

"முடிஞ்சதும் வெளிய யாரு கூட்டிட்டு வருவா?"

"ஒரு கண்ணைத்தானே கட்டுவீங்க. இந்த ஆஸ்பத்திரிக்குள்ள நடக்க எனக்கு இன்னொரு கண்ணுகூடத் தேவையில்லை."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, உள்ளே போய்ப் பெரிய நர்ஸிடம் ஏதோ பேசினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் இரண்டு தலைகள் திரும்பி இவளைப் பார்த்தன. என்ன முடிவானது என்று முகத்தில் தெரியவில்லை. திரும்பி வந்து, நோயாளிக்கான பட்டையை முதலில் இவள் மணிக்கட்டில் சுற்றி ஒட்டினாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, துணைக்கு வந்தவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பச்சை அட்டையை வெளியே எடுத்தாள். இதற்குள் தம்பி எழுந்து வந்து பக்கத்தில் நின்றிருந்தான். பழக்கம் போல அட்டைக்காகக் கையை நீட்டினான்.

அட்டை அந்தப் பெண்ணின் விரலில் கயிற்றோடு தொங்கியது. தம்பி நீட்டிய கையை அவள் பார்த்தாள், பிறகு துணையக்காவைப் பார்த்தாள். துணையக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கவுண்டர் ஜன்னலுக்குள் தலை குனிந்து கழுத்தை நீட்டினாள்.