கன்றுக்குட்டிப் பெண்

மினியாபொலிஸ் நகரத் தெருவில் மகள் மாரிட்டோடு நடக்கும்போது லோர்னா எதிரே வந்த ஒவ்வொரு காருக்கும் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் வணக்கம் சொல்வது அப்படித்தான். விரல் தூக்காமல் போனால் ஏதோ சண்டை என்று அர்த்தம். இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, விடேன். இங்க யாருக்கும் நம்மளத் தெரியாது."

"அதாண்டி நானும் சொல்றேன். தெரியாத ஊர்ல நாலு வருஷம் என்ன பண்ணுவ?"

எந்தக் கல்லூரி என்று மாரிட் இந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். அம்மாவைப் பொறுத்தவரை முடிவு என்றோ எடுத்தாகிவிட்டது. லோர்னா படித்த அதே சிறிய கல்லூரி. குன்றின் மேல் இருக்கிறது, மொத்தமே சில நூறு பேர். போன வாரம் அங்கே போயிருந்தார்கள். விண்ணப்பக் கட்டுரையில் மாரிட் தன் கன்றுக்குட்டியின் ஒடிந்த காலைப் பற்றி எழுதியிருந்தாள். வாசலிலேயே ஒருவர், "கன்னுக்குட்டி எப்படி இருக்கு?" என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொருவர் கேட்டார். கல்லூரி முதல்வரே கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். லோர்னா உருகிப்போனாள். மாரிட்டுக்குக் காது சிவந்தது.

இன்று காலை இந்த நகரத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் உட்கார்ந்தார்கள். வகுப்பா அது, திருவிழாக் கூட்டம். மாரிட் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "நல்ல கேள்வி, பின்வரிசை மஞ்சள் தொப்பி," என்றார் பேராசிரியர். அவ்வளவுதான். மஞ்சள் தொப்பி யார் மகள் என்று ஒரு தலையும் திரும்பவில்லை. அப்போது தொடங்கிய சிரிப்பு மாரிட்டின் முகத்தில் இன்னும் இருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

லோர்னா மறுபடி விரலைத் தூக்கினாள். இம்முறை வந்தது பஸ். நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்கம்மா," என்றாள் ஓட்டுநர்ப் பெண்.

சும்மா ஒரு வணக்கம்தான் என்று சொல்ல லோர்னாவுக்கு வாய் வரவில்லை. ஒருத்தர் நமக்காக வண்டியை நிறுத்தியிருக்கும்போது வேண்டாம் என்பதா? ஏறிவிட்டாள்.

"அம்மா! எங்க போற?"

"தெரியலடி. ஏறு, ஏறு. அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

இருவரும் கடைசி இருக்கையில் போய் விழுந்தார்கள். மாரிட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லோர்னாவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக மாரிட் சொல்லிவிட்டாள்.

"எனக்கு இங்கதாம்மா படிக்கணும்."

லோர்னாவின் சிரிப்பு நின்றது. "அங்க உன்னைத் தங்கமாப் பாத்துப்பாங்களேடி."

"பாத்துப்பாங்க. அங்க நான் கன்னுக்குட்டிப் பொண்ணு. இல்லன்னா லோர்னா பொண்ணு. இங்க நான் யாருன்னு யாருக்கும் தெரியல. எனக்கே தெரியல. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

லோர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் வந்தது, கீழே ஆறு போயிற்று.

"நான் அங்க படிக்கும்போது முடிக்குப் பச்சைச் சாயம் அடிச்சேன்," என்றாள். "முடி காயறதுக்குள்ள யாரோ சொல்லி எங்கப்பா போன் பண்ணிட்டார்."

"நீயா? பச்சையா?"

"கத்தாதடி." சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. "சரி, கத்திக்கோ."

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர்ப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எங்கம்மா போகணும்?"

"தெரியலைங்க," என்றாள் லோர்னா. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் பொண்ணு இங்க யுனிவர்சிட்டியில சேரப்போறா."

மாரிட் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எந்த ஊர், யார் வீடு என்று அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை.

"ரொம்ப நல்லது. இறங்குங்க, வண்டி இதோட சரி."