பெரும்பங்கு எந்தப் பக்கம்

வரைபடத்தின் மேல் மூலையை உதவியாளர் ஸ்டூலில் ஏறிப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழ் மூலையில் ஊசி குத்திக்கொண்டிருந்தவளுடைய இடது கை, தானாகவே போய்ப் பட்டறை வரிசையின் மேல் உட்கார்ந்துகொண்டது. எடுக்க மனசு வரவில்லை. எடுத்தால் அந்த வரிசையின் மூன்று மனைகளும் மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் என்றால் குடியிருப்பு. இன்னும் கொஞ்ச நேரத்தில் நகராட்சிக் கூடம் நிறைந்துவிடும், வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் தங்கள் இடத்தைத்தான் தேடுவார்கள்.

"மேடம், குத்தியாச்சா? எனக்குத் தோள்பட்டை விட்டுப்போகுது."

"ஆச்சு, இறங்குங்க" என்று கையை எடுத்தாள்.

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். வரைவுப் பிரிவில் சேர்ந்த புதிதில் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் கிளாஸைக்கூட மேசை விளிம்பிலிருந்து அளந்துதான் வைப்பாள் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

நகரத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் போன வருஷமே நிறைவேறிவிட்டது. எந்தப் பகுதி வீடுகளுக்கு, எந்தப் பகுதியில் வீடும் தொழிலும் கலந்து இருக்கலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, தடித்த பேனாவால் கோடு இழுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் ஒருவர் தன் மனையில் என்ன கட்டலாம், என்ன நடத்தலாம் என்று சொல்வது மண்டல விதிகள். அவை பழையபடியே கிடந்தன. திட்டம் ஒன்று சொல்ல, விதி வேறொன்று சொல்ல, லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் அலைந்தார்கள். இரண்டையும் பொருத்துங்கள் என்று உத்தரவு வந்தது. அந்தத் தடித்த கோட்டை ஒவ்வொரு மனையின் மேலும் கொண்டுவந்து இறக்கும் வேலை அவளுக்கு வந்தது. தாளில் பேனா முனை அகலம்தான், தரையில் அது ஒரு சின்னத் தெருவையே விழுங்கிவிடும்.

அதற்கு அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோட்டின் நடுவை எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு மனையைக் குறுக்கே வெட்டினால், மனையின் பெரும்பங்கு எந்தப் பக்கமோ, முழு மனையும் அந்தப் பக்கம். நகரம் முழுக்க அவள் அப்படித்தான் செய்தாள். ஓரிடத்தைத் தவிர.

அந்த ஓரிடத்தில் அவள் தம்பியின் லேத் பட்டறை இருந்தது. அளந்து பார்த்தாள். பெரும்பங்கு கலப்பு மண்டலத்துப் பக்கம், ஒரு கதவின் அகலம் அதிகம். மறுபடி அளந்தாள், அதே கதவு. அன்றைக்குப் பார்த்துத்தான் கேன்டீனில் ஒருவர், "ஸ்கேல் மேடத்துக்குப் பட்டறை வரிசையில தம்பி இருக்காராமே, கோடு எப்படி வளையுதுன்னு பாத்துடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேலே போய், உட்கார்ந்து, தம்பியின் மனையை மஞ்சளாக்கினாள். அது ஒன்று மட்டும் பல் மாதிரித் துருத்திக்கொண்டு தெரிந்தது. துருத்தினால் கேள்வி வரும். ஆகவே பக்கத்திலிருந்த சலவைக்கடையையும் சைக்கிள் கடையையும் சேர்த்து மஞ்சளாக்கினாள். கோடு நேராக, அழகாக வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாகக்கூட இருந்தது. இனி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாதல்லவா.

தம்பி சீக்கிரமே வந்துவிட்டான். சலவைக்கடை அக்கா தேய்த்துக் கொடுத்த சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத கிரீஸ். நேரே படத்துக்குப் போய் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, இது நம்ம பட்டறைதானே?"

"ஆமா."

"மஞ்சள்ல இருக்கு."

"ஆமா."

"மஞ்சள்னா ரெண்டாவது மெஷின் போட முடியாது. கூரையை உசத்த முடியாது. அப்படித்தானே?"

அவள் ஊசி டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி மூடினாள்.

"பிளான்லயே அப்படித்தான் இருக்கா, இல்ல நீ போட்டதா?"

அவள் டப்பாவை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது. சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இத்தனை மாசம் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேனாக்கா? கேட்டா உனக்குத்தான் கெட்ட பேருன்னு வாயையே திறக்கல. உன் வீட்டுக்கு வர்றதையே குறைச்சுக்கிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "என்னை விடு. சலவைக்கடை அக்கா உனக்கு என்ன பண்ணாங்க?"

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கூட்டம் தொடங்கியது. நகர்மன்றத் தலைவர் நடுவில், நகரமைப்பு அலுவலர் அவருக்கு வலப்பக்கம், மேசை ஓரத்தில் அவள். இது கடைசிக் கருத்துக் கேட்பு. முடிந்த கையோடு மன்றம் கை தூக்கி நிறைவேற்றிவிடும், விதிகள் அச்சுக்குப் போய்விடும். அப்புறம் ஒரு மனையின் நிறத்தை மாற்றுவதற்குள் ஆளுக்குத் தலை நரைத்துவிடும். ஒருவர் வாகனம் நிறுத்தும் இடம் பற்றிக் கேட்டார், இன்னொருவர் மாடி உயரம் பற்றி. அலுவலர் எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பதில் சொன்னார். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

சலவைக்கடை அக்கா எழுந்தாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

"எனக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் வெச்சிருக்காங்க சார். நடக்கறதுக்கே அரை வருஷத்துக்கு மேல ஆகும்னு டாக்டர் சொல்றார். அதுவரைக்கும் கடையைப் பூட்டி வெச்சுட்டு, அப்புறம் வந்து திறக்கலாமா?"

அலுவலர் தாளைப் புரட்டினார். "குடியிருப்பு மண்டலத்துல இப்ப இருக்கற கடை அப்படியே நடக்கலாம்மா, ஆட்சேபனை இல்ல. ஆனா ஆறு மாசம் தொடர்ந்து மூடிக் கிடந்தா, மறுபடி திறக்க அனுமதி கிடையாது."

"அப்ப ஆபரேஷன் பண்ணிக்கிட்டா கடை போயிடும். பண்ணிக்கலைன்னா நான் போயிடுவேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

"கோடு திட்டத்துல இருக்கற மாதிரிதான் போட்டிருக்கும்மா. நான் என்ன செய்ய?"

அக்கா உட்கார்ந்தாள். உட்காரும்போது வலியில் முகம் சுருங்கியதை ஸ்கேல் மேடம் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

அடுத்து எழுந்தவர் பட்டறைக்குப் பின்வீட்டில் இருக்கும் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர், மனைவி படுத்த படுக்கை. லேத் ஓடும் நேரமெல்லாம் அந்த அம்மாளுக்குக் கண்ணை மூட முடிவதில்லை என்று மனுமேல் மனு போட்டவர். தம்பியைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

"தலைவர் ஐயா, நான் இன்னிக்குச் சண்டை போடத் தயாராத்தான் வந்தேன். வரைபடம் போடுற அம்மா அந்தப் பட்டறைக்காரனோட கூடப்பிறந்தவங்கன்னு எனக்குத் தெரியும். கோடு நம்ம தலையிலதான் விழும்னு நெனச்சேன். வந்து பாத்தா, சொந்தத் தம்பின்னுகூடப் பாக்காம நியாயமா போட்டிருக்காங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா! அவங்களுக்கு என் வணக்கம்."

கை கூப்பினார். யாரோ கை தட்ட, கூடமே தட்டியது. கேன்டீனில் கேலி செய்தவர்கூட வாசலில் நின்று தட்டினார். தலைவர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் இழுத்த நேர்மையான கோடுகளுக்கெல்லாம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் கையைத் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"வேற யாராவது?" என்றார் தலைவர். "இல்லைன்னா முடிச்சுக்கலாம்."

"சார்."

தன் குரல்தான் என்று அவளுக்கே சட்டென்று பிடிபடவில்லை. எழுந்து நின்றிருந்தாள்.

"படத்துல ஒரு தப்பு இருக்கு சார். பட்டறை வரிசையில."

கைதட்டல் எங்கே போனதென்று தெரியவில்லை. அலுவலர் பல்லுக்கிடையில், "உக்காருங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "ஆகா! தம்பி வந்து உக்காந்ததும் கோடு நெளியுது பாரு!" என்றது. சிரிப்பு எழுந்தது. எந்தச் சிரிப்புக்குப் பயந்தாளோ அதே சிரிப்பு. இப்போது கூடம் நிறைய இருந்தது.

"யார் போட்ட கோடும்மா அது?" என்றார் தலைவர்.

"நான்தான் சார்."

"அப்ப எப்படித் தப்பாச்சு? தெரியாம போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். தம்பிக்குச் செஞ்சேன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயந்து, மறுபக்கம் தள்ளிட்டேன். அந்த மூணு மனையும் கலப்பு மண்டலத்துல வரவேண்டியது."

"நல்லாருக்கே கதை!" என்றார் வாத்தியார். கூப்பிய கைகள் எப்போதோ இறங்கிவிட்டிருந்தன. "இவங்களே போடுவாங்களாம், இவங்களே அழிப்பாங்களாம். என் பெண்டாட்டி தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா உங்களுக்கு?"

அந்த அம்மாள் தூங்காதது நிஜம், கதவு அகலமும் நிஜம். அவள் மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டாள், போன வருஷத்துத் திட்டப் படத்தையும் எடுத்துக்கொண்டாள். கூட்டத்துக்கு நடுவே நடந்து போய் வாத்தியார் முன்னால் நின்றாள்.

"நான் அளக்கல சார். என் தம்பியும் அளக்க வேண்டாம். நீங்க கணக்கு வாத்தியார், நீங்களே அளங்க. பட்டறை மனையில, கோட்டுக்கு நடுவுல இருந்து ரெண்டு பக்கமும். பெரும்பங்கு எந்தப் பக்கம்னு நீங்க சொல்றதை நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வாத்தியார் அவளைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். வாத்தியார் ஸ்கேலை வாங்கிக்கொண்டார். இரண்டு பேர் நாற்காலிகளை நகர்த்தி இடம் விட்டார்கள், திட்டப் படம் மேசைமேல் விரிந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஸ்கேலை வைத்து, சுட்டுவிரலால் அழுத்திப் பிடித்து, உதடு அசைய ஒரு பக்கம் படித்தார். திருப்பி வைத்து, கலப்பு மண்டலத்துப் பக்கம் படித்தபோது உதடு பாதியில் நின்றது.

தம்பி எழுந்து நின்றுவிட்டான். சலவைக்கடை அக்கா முன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தாள்.

வாத்தியார் நிமிரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, ஸ்கேலை முதலில் வைத்த இடத்திலேயே திரும்பவும் வைத்தார்.