கப்பலை நீக்கும் வேலை

1
இந்தக் கதை ஒரு கைத்தவறில் பிறந்தது. கடலடி ஒலிவாங்கிகளின் பதிவில் கப்பல் இரைச்சலை நீக்கி, திமிங்கிலங்களின் குரலைப் பிரித்தெடுப்பது என் வேலை. அன்று திமிங்கிலத்தை நீக்கிவிட்டுக் கப்பலை வைத்துக்கொண்டேன்.

2
அந்தக் கப்பலின் எஞ்சின் அறையில் ஒருவர் வேலை பார்க்கிறார். முதல் வரைவில் அவரை அண்ணன் என்று எழுதியிருந்தேன். அண்ணனுக்காக யாரும் ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்பதால் மாற்றினேன். அவர் என்

(வாக்கியம் இப்படியே நிற்கட்டும். ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அது போதும்.)

3
கொஞ்சம் சட்டம். கடலில் கலந்து தீங்கு செய்யும் பொருளை மட்டுமல்ல, ஆற்றலையும் மாசு என்கிறது கடல் சட்ட உடன்படிக்கை. ஒலியும் ஆற்றல்தான். ஆனாலும் கப்பல் இரைச்சலுக்கு உலக அளவில் இருப்பவை வெறும் வழிகாட்டுதல்கள். விரும்பினால் பின்பற்றலாம்.

எங்கள் நீரிணையிலாவது கப்பல்கள் மெதுவாகப் போவதைக் கட்டாயமாக்கக் கேட்கலாமா என்று அலுவலகத்தில் பேச்சு. மெதுவாகப் போனால் பெரும்பாலும் இரைச்சல் குறையும். வீடு வந்து சேர்வதும் தாமதமாகும்.

பிரிவுத் தலைவி என் ஒலிக்கோப்பைப் போட்டுக் கேட்டார்.

"என்னம்மா, திமிங்கிலத்தக் காணோம். கப்பல் மட்டும் பாடிட்டிருக்கு?"

என் காது சூடானது. அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. பரிந்துரையை என்னையே எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

4
எஞ்சின் அறையில் இருப்பவரிடம் பரிந்துரையைப் பற்றிப் போனில் சொன்னேன். இது சட்டமானால் மற்ற கடல்களிலும் வரும், இனி ஒவ்வொரு பயணமும் நீளும் என்றேன்.

"வேகமா வந்தா திமிங்கிலத்துக்குக் காது போயிடும். மெதுவா வந்தா உனக்குப் பொறுமை போயிடும். எது பரவால்ல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"எழுது. இந்த எஞ்சின் பக்கத்துல காத மூடாம ஒரு நிமிஷம் நிக்க முடியாது. எங்களுக்காவது காதடைப்பான் குடுக்கறாங்க."

5
முடிவு ஒன்று: கப்பல்களின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். அவர் சீக்கிரம் வருகிறார். அப்பா சிரிக்கிறார். [அப்பா சிரிப்பதை நம்பும்படி எழுத வரவில்லை.]

முடிவு இரண்டு: கட்டாயம் என்று எழுதுகிறேன். கடல் அமைதியாகிறது. ஒரு திமிங்கிலம் கூப்பிட, தூரத்தில் இன்னொன்று [இது அழகாக வருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.]

நடந்தது இவ்வளவுதான். கட்டாயம் என்று எழுதி அனுப்பினேன். ஏற்பார்களா என்று தெரியாது. ஏற்றால், என் வாழ்நாள் முழுக்க அவர் கொஞ்சம் தாமதமாகவே வருவார்.

எவ்வளவு தாமதம் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் குறைத்து எழுதிவிடுவேன்.