நாகவள்ளிக்கு வந்த மனுக்கள்

நாகவள்ளி தேர்தலில் தோற்று இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பழைய தோழி உமாராணியைப் பார்க்க வந்த அமீரகத்துப் புஜைராவில் அதை யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொன்னாள் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். "நல்லா இருக்கியாட்டி?" என்றுதான் உமாராணி விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தாள். "மந்திரி வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். அப்படித்தான் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு காலத்தில் இருவரும் இதே புஜைராவில் ஒரே கப்பல் ஏஜென்சியில் கிளார்க்குகள். நாகவள்ளியின் கணவர் முத்துராமனுக்குக் கனடாவின் வடகோடியில் வைரச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. வருஷத்தில் ஏழு மாதம் ஏரி உறைந்து கிடக்கும் இடம். மாநிலம் என்று சொல்லுமளவுக்கு ஆள் இல்லாததால் பிரதேசம் என்பார்கள். அங்கே அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி மூன்று நாள் வராமல் போனபோது நாகவள்ளி ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கத்தினாள். இவ்வளவு நன்றாகக் கத்துகிறவள் உள்ளேயே இருக்கட்டும் என்று அடுத்த வருஷம் கவுன்சிலராக்கிவிட்டார்கள். அப்புறம் எட்டு வருஷம் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர். அதில் பின் நான்கு வருஷம் அமைச்சர்.

சேதுராமனுக்கு இந்தக் கதை போதவில்லை. உமாராணியின் கணவர், எண்ணெய்க் கிடங்கில் மேற்பார்வையாளர், தமிழ்ச் சங்கச் செயலாளர் பதவியை எட்டு வருஷமாக விடாமல் பிடித்திருப்பவர்.

"மேடம், நீங்க ஆளுங்கட்சிதான?"

"அங்க கட்சியே கிடையாது சார். எல்லாரும் சுயேச்சை. ஜெயிச்ச பத்தொம்பது பேரும் வட்டமா உக்காந்து, ரகசிய ஓட்டுப் போட்டு, முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுப்போம்."

"பத்தொம்பதும் சுயேச்சையா!" சேதுராமன் நெஞ்சில் கை வைத்தார். "ஓட்டுப் போடுற வரைக்கும் அத்தனை பேரையும் எந்த ரிசார்ட்ல வெச்சிருந்தீங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஃப்ளெக்ஸ் பேனரை விரித்துக் காட்டினார். 'பனிநாட்டின் பெண் சிங்கமே! மாண்புமிகு அமைச்சரே! வருக!' இணையத்தில் கிடைத்த படத்தில் அவள் ரோமத் தொப்பிக்குள் எலுமிச்சம்பழம் அளவு முகத்தோடு இருந்தாளாம். தொப்பியை வெட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தார். கழுத்தில் அவளிடம் இல்லாத ஒரு காசுமாலை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் பாராட்டு விழா. மத்தியானம் உமாராணி தன் புடவையை அவளுக்காகத் தேய்த்துக்கொண்டே நாத்தனாருக்கு போன் போட்டு, "எங்கூட ஒரே ரூம்ல இருந்தவ, பாத்துக்கிடுங்க" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள். நாகவள்ளி வாயைத் திறந்தாள். இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

தோற்றதைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று அவளுக்கே புரியவில்லை. பெரிய ஊரில் தோற்றால் மக்கள் தோற்கடித்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் தொகுதியில் விழுந்த மொத்த ஓட்டு அறுநூற்று நாற்பது. மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறாள். நாய்களின் பெயர்கூடத் தெரியும். தோற்றது பதினோரு ஓட்டில். அந்தப் பதினோரு பேர் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட அவளால் முடியும். அவர்களில் ஏழு பேர் மறுநாள் கடையில் பார்த்துக் கையசைத்தார்கள்.

ஜெயித்தவள் டோரீன், ஊர் விமான நிலையத்தில் கவுண்டர் வேலை. புதுப் பொறுப்பு ஏற்கும் வரை அந்த வேலையில்தான் இருந்தாள். நாகவள்ளியின் பெட்டிக்கு அவள்தான் டேக் கட்டினாள். இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. "பரவாயில்லை நாகா, போ" என்று விட்டுவிட்டாள். தோல்வியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்த இரண்டு கிலோதான் நாகவள்ளிக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஹோட்டல் ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து ஒரு வேன் பிடித்துப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். பொன்னாடை போர்த்தினார்கள், ஏற்றுக்கொண்டாள். சேதுராமன் பேனரில் உள்ளதையெல்லாம் மைக்கில் சொன்னார். தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அமைச்சர்னா மனு வாங்காம எப்படி?" என்று சேதுராமன் சொன்னதும், பரிசுத்தாள் ஒட்டிய பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று மேடைக்கு வந்தது. மேல்பக்கம் ஒரு துளை. ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. பெட்டியில் போட மனமில்லாமல் ஒருவர் நேரே மேடையேறினார். கார்மேகம் என்று பெயர், கிரேனுக்குக் கொடி காட்டும் வேலை. இரண்டு கையாலும் நீட்டினார். மனு லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது.

"மக நர்ஸ் படிப்பு முடிச்சிருச்சும்மா. உங்க ஊர் ஆஸ்பத்திரியில நீங்க ஒரு வார்த்தை சொன்னீகன்னா போதும். வீட்டுல காலையிலயே கோயிலுக்குப் போய் வெளக்குப் போட்டுட்டாக."

அவள் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. எட்டு வருஷப் பழக்கம். வாங்கின பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. பொன்னாடைக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தது. இதற்குள் முடியவில்லை.

மைக்கைப் பிடித்தாள்.

"நான் இப்ப அமைச்சர் இல்லைங்க. போன மாசத் தேர்தல்ல தோத்துட்டேன். பதினோரு ஓட்டுல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரீகவுண்டிங் கேட்டீங்களா மேடம்?"

"கேட்டேன். முதல்ல ஒன்பதுதான். திரும்ப எண்ணினதுல பதினொண்ணு ஆயிருச்சு."

ஹால் வெடித்துச் சிரித்தது. நாகவள்ளியும் சிரித்தாள், இருபத்து மூன்று நாளில் முதல் தடவை. முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா" என்று உமாராணியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

சேதுராமன் நிலைமையை ஆராய்ந்தார். பிறகு ஒரு நாற்காலி மேல் ஏறி, மார்க்கரால் 'அமைச்சரே'வுக்கு முன்னால் 'முன்னாள்' என்று நெருக்கி எழுதினார். "நம்ம ஊர்ல இதுக்குத்தான் மேடம் மரியாதை ஜாஸ்தி" என்றார்.

கார்மேகம் இன்னும் மேடையிலேயே நின்றார். தயங்கித் தயங்கி, "அப்ப அதக் குடுத்துருங்கம்மா" என்றார்.

"எதைண்ணே?"

"மனுவ. லேமினேஷன் போட்டது. வேற மந்திரி யாராச்சும் வந்தா ஆகும்ல."

மரியாதையாகத்தான் கேட்டார். ஓட்டு எண்ணிய அறையிலும் டோரீன் முன்னாலும் வலிக்காத ஏதோ ஒன்று இப்போது வலித்தது. கொடுத்தாள். ஆனால் விரல் உடனே விடவில்லை.

"மக மொழித் தேர்வு எழுதியாச்சா?"

"அது என்னம்மா?"

"அதுதான் முதல்ல. மந்திரி சொல்லி நர்ஸ் வேலை கிடைக்காதுண்ணே. நான் மந்திரியா இருந்தப்பவும் கிடைச்சிருக்காது."

"அப்ப மந்திரின்னா என்னதாம்மா செய்வாக?"

"தண்ணி லாரி வரலைன்னா போனை எடுப்போம்."

கார்மேகம் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார். ஆனால் போகவில்லை. மேடையோரம் உட்கார்ந்து, மகளின் கல்லூரிப் பெயரிலிருந்து ஆரம்பித்தார். அவளும் படியில் உட்கார்ந்தாள். எந்தத் தேர்வு, எங்கே எழுதுவது என்று அவருடைய போனில் தேடிக் காட்டினாள். அதற்குள் மற்றவர்களும் பெட்டியைத் திறந்து தங்கள் மனுவைத் திரும்ப எடுத்திருந்தார்கள். அவள் தேடிக் காட்டுவதைப் பார்த்ததும் அவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் நின்றார்கள். மனுவைத்தான் திரும்ப எடுத்தார்கள், குறையை எடுக்கவில்லை. எழுதியிருந்ததைவிட வாயால் சொல்ல நீளமாக இருந்தது. விசா கொடுத்த கஃபீல் முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்ட கதை, ஊரில் தம்பி வேலியைத் தள்ளிப் போட்ட கதை. பாதிக்கு அவளிடம் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னாள். அதற்கும் தலையாட்டிவிட்டு, மீதிக் கதையைச் சொன்னார்கள்.

தோற்றபின் தன்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையசைத்தார்கள், சாமான் எடையை மன்னித்தார்கள், கேட்கவில்லை.

பிரியாணித் தட்டோடு உமாராணி வந்தாள். முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கையில் வைத்தாள்.

"கோவம் தீரல, பாத்துக்க."

"தெரியும்."

"வீட்டுக்குப் போயி வச்சுக்கிடுதேன் உன்னைய." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் மாதிரி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அடுத்தாள் யாரு? சுருக்கமா சொல்லணும், அவ சாப்பிடணும். வாங்க."